நிலத்துக்கு 99 ஆண்டு, ஆய்வாளருக்கு 11 மாதம்

சூளகிரிப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் மாதம் ஒருமுறை கூடும் வழக்கம் எங்களுக்கு உண்டு. ஓசூரிலிருந்து இருவர் வருவார்கள், கிருஷ்ணகிரியிலிருந்து இருவர், எஞ்சியோர் உள்ளூர்க்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிற்றிதழோ சிறுகதைத் தொகுப்போ இருக்கும். சென்ற முறை எங்கள் தோழி ஒருவர் புத்தகத்துக்குப் பதிலாக இரண்டு பக்க அச்சுத்தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பணியிட அறிவிப்பு அது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. இதே வாசகங்களைக் கொண்ட அறிவிப்பை நம் நாட்டில் எங்கும் காணலாம் என்பதால் பெயர் தேவையற்றது.

தோழி நடுகற்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றுகிறார். அவருடைய தந்தையார் சூளகிரிச் சந்தைக்குக் கொத்தமல்லிக் கட்டு கொண்டுவரும் விவசாயி. அறிவிப்பிலிருந்த பணி 11 மாதங்களுக்கானது. விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதே அவர் எங்கள்முன் வைத்த கேள்வி. வீட்டில் கேட்டபோது தந்தையார் கேட்டது ஒன்றுதானாம்: "பதினோரு மாசம் கழிச்சு என்னம்மா பண்ணுவ?"

அன்று கதையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அந்தத் தாளைத்தான் வாசித்தோம். இக்கட்டுரை அவ்வாசிப்பின் விளைவு.

*

ஒரு பிரதியைக் கையில் கொடுத்தால் சொல் சொல்லாகப் பார்ப்பது இலக்கிய வாசகர்களின் பழக்கம். "இப்பணி முற்றிலும் தற்காலிகமானது" என்கிறது அறிவிப்பு. தற்காலிகமானது என்றாலே பொருள் விளங்கிவிடும். 'முற்றிலும்' என்ற சொல் யாரை நோக்கி எழுதப்பட்டது? "பிற்காலத்தில் நிரந்தரப் பணி கோர இந்நியமனம் எவ்வித உரிமையும் அளிக்காது." "காரணம் எதுவும் கூறாமல் எந்த நேரத்திலும் பணி முடித்துவைக்கப்படலாம்." "நேர்முகத் தேர்வுக்கு வருவோருக்குப் பயணப்படி வழங்கப்படமாட்டாது." "இவ்வறிவிப்பை ரத்து செய்யும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு." இரண்டு பக்கங்களில் ஆய்வின் பொருளுக்கு ஒரே வரி. பணியின் நிலையாமைக்கு நான்கு இடங்கள்.

வாக்கிய அமைப்பும் கவனிக்கத்தக்கது. வழங்கப்படும், முடித்துவைக்கப்படும், தேர்ந்தெடுக்கப்படுவர் என எல்லாமே செயப்பாட்டு வினைகள். செய்பவர் யார் என்பது எங்கும் இல்லை. எழுவாய் வெளிப்படையாக வருவது ஓரிடத்தில்தான்: "விண்ணப்பதாரர் தம் சொந்தச் செலவில் வரவேண்டும்."

இந்நடைக்கு ஒரு காரணம் இருப்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கர்நாடக அரசுக்கும் உமாதேவி என்பவருக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. முறையான தேர்வு வழியே வராத தற்காலிக ஊழியர்கள், பல்லாண்டு வேலை செய்தார்கள் என்பதை மட்டும் காட்டி நிரந்தரம் கோர முடியாது என்பது அதன் சாரம். கொல்லைப்புற நியமனத்தைத் தடுக்க வந்த தீர்ப்பு அது. ஆனால் நிருவாகங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. முறையான தேர்வை நடத்துவதைவிட, தற்காலிகமாக ஆள் எடுத்து, உரிமை ஏதும் இல்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது எளிதாயிற்று. நாங்கள் வாசித்த 'முற்றிலும்' என்ற சொல் நீதிமன்றத்தை நோக்கி எழுதப்பட்டது. நம் தோழி அதன் முகவரியில் இல்லை.

*

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி என்றால் என்ன என்று எங்கள் நண்பர்களிலேயே சிலர் கேட்டார்கள். பட்டம் பெற்றவர், நிரந்தர ஆசிரியப் பணிக்குச் செல்லுமுன், கற்பிக்கும் சுமை அதிகமின்றிச் சில ஆண்டுகள் தம் ஆய்வை விரித்தெடுப்பதற்கான இடைக்காலப் பணி இது. அமெரிக்காவில் 1919-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இத்தகைய உதவித்தொகைகள் தொடங்கின. அன்று அது திறமையாளருக்குத் தரப்பட்ட சலுகைக் காலம். இன்று உலகெங்கும், நிரந்தரப் பணி கிடைக்காதவர்கள் காத்திருக்கும் கூடமாக அது மாறிவிட்டது.

இந்தியாவில் மத்திய அரசின் நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களுக்கான ஊதிய விகிதம் 2023-இல் திருத்தப்பட்டது. இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளருக்கு 42,000. முனைவர் பட்டம் பெற்ற ஆய்வுத் துணைவருக்குத் தொடக்க நிலையில் 58,000. வீட்டு வாடகைப்படி தனி. தொகை குறைவென்று நாங்கள் சொல்லமாட்டோம். சிக்கல், பணம் திட்டத்தோடு கட்டப்பட்டிருப்பதில் இருக்கிறது. திட்டம் முடிந்தால் பணி முடிந்தது. நிதி தாமதமானால் ஊதியமும் தாமதம். உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை என்று ஆய்வாளர்கள் குரலெழுப்புவது ஏறத்தாழ ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. அறிவியலுக்கும் பொறியியலுக்கும் இரண்டாண்டு தேசிய முதுமுனைவர் உதவித்தொகை ஒன்று உண்டு. நடுகல் அதற்குள் வராது.

தமிழுக்கென்று மத்திய அரசு நிறுவனம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2004-இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது. 2008-இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் சென்னையில் செயல்படத் தொடங்கியது. அதற்கு முழுநேர இயக்குநர் நியமிக்கப்பட்டது 2020-இல். தலைமைக்கே பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. கீழுள்ள இருக்கைகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

நிரந்தரப் பணிக்கான பாதையோ நடக்க நடக்க நகரும் பாதை. 2021 சூலை முதல் பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதித்தது. பின்னர் அந்நாளை 2023 சூலைக்குத் தள்ளியது. அந்நாள் வந்தபோது பட்டம் கட்டாயமில்லை, நெட் அல்லது செட் தேர்ச்சி போதும் என்று மாற்றியது. கட்டாயம் என்பதை நம்பி நான்கைந்து ஆண்டுகளை ஆய்வேட்டில் செலவிட்டவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். 2024 சூனில் நடந்த நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது.

தமிழக அரசுக் கல்லூரிகளின் கதையும் இப்படித்தான். 2019-இல் 2,300-க்கும் மேற்பட்ட உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. அது நிறைவேறாமலே கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி தேர்வு என்று நாளும் குறித்தார்கள். அத்தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. இடையில் ஓடிய ஆண்டுகள் அத்தனையும் விண்ணப்பதாரர்களின் வயதில் கூடிக்கொண்டன. அந்த ஆண்டுகளில் கல்லூரிகளைத் தாங்கியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஆண்டுக்கு 11 மாதமே அவர்களுக்கு ஊதியம். கோடை மாதத்துக்கு இல்லை. பெயரில் இருக்கும் கௌரவம் வேறெங்கும் இல்லை என்பது அவர்களிடையே வழங்கும் பழைய கசப்பு.

*

ஓர் ஆய்வுக்கு எத்தனை காலம் வேண்டும்? தமிழ் வாசகர்கள் இதற்கு விடை தேடி அயல்நாடு போகவேண்டியதில்லை.

1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராக அமர்ந்தார். மாதம் 50 ரூபாய் சம்பளம். அதே ஆண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அச்சந்திப்பு நிகழ்ந்த கதை தமிழர் பலரும் அறிந்தது. சிந்தாமணி அச்சில் வந்தது 1887-இல். இடையில் ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளும் முதல் தேதியில் வந்துசேர்ந்த கல்லூரிச் சம்பளத்தை நாம் பேசுவதில்லை. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் அச்சம்பளமே அடித்தளம். ஐயர் 1903 வரை கும்பகோணத்திலும் அதன்பின் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். அவருடைய உழைப்பையும் அலைச்சலையும் போற்றுகிறோம். போற்றவேண்டிய இன்னொன்று, 11 மாதத்தில் அவரை வெளியே அனுப்பாத ஒரு பணி. ஏட்டுச்சுவடி தேடி அவர் ஊர் ஊராகச் சென்றபோது, திரும்பி வந்து உட்கார ஓர் இருக்கை இருந்தது.

ஆய்வுக்கென்றே தரப்பட்ட உதவிக்கு எடுத்துக்காட்டு இராமானுஜன். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். எப்.ஏ. தேர்வில் தேறாதவர். அவருடைய குறிப்பேடுகளைக் கண்ட வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் இரண்டாண்டுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. பட்டமில்லாத ஒருவருக்கு இடமளிக்கப் பல்கலைக்கழகம் அன்று தன் வழக்கத்தை வளைத்தது. நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பதே. எழுத்தராக வாங்கியதைப்போல இரண்டரை மடங்கு தொகை; நேரம் முழுவதும் அவருடையது. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் சென்றபோதும் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகமே.

அதே 1913-இல்தான் தமிழ்ப் பேரகராதிப் பணியும் தொடங்கியது. ஆறு தொகுதிகளும் முடிய 1936 ஆயிற்று. 1926-இல் பதிப்பாசிரியராக வந்த வையாபுரிப் பிள்ளை அதற்கு முன் வழக்கறிஞராக இருந்தவர். பேரகராதிக்கு 11 மாத ஒப்பந்தத்தில் ஆள் எடுத்திருந்தால் அகர வரிசை ஆகாரத்தைக் கடந்திருக்குமா என்பது ஐயமே.

மூன்று எடுத்துக்காட்டுகளிலும் பொதுவாக இருப்பது ஒன்று. ஆளைத் தேர்ந்தெடுத்தபின் காலத்தைக் கொடுத்தார்கள். இன்றைய அறிவிப்புகள் கல்வித்தகுதி, வயது வரம்பு, சான்றொப்பம், நகல் என எல்லாவற்றையும் எண்ணிக் கேட்கின்றன. கொடுக்கவேண்டிய அந்த ஒன்றை மட்டும் கொடுப்பதில்லை.

*

இதை நாங்கள் ஏன் சூளகிரியிலிருந்து எழுதுகிறோம்?

பெங்களூர் நெடுஞ்சாலையில் சூளகிரியைக் கடந்து செல்பவர்கள் வலப்புறமும் இடப்புறமும் காண்பது தொழிற்சாலை மதில்களை. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. பின்னர் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்தன. அண்மை ஆண்டுகளில் மின்சார ஸ்கூட்டரும் கைப்பேசி உதிரிபாகமும் வந்துள்ளன. வேலை வந்தது, அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. எங்களில் பாதிப்பேருக்குச் சோறு போடுவது அவ்வேலைதான். ஆனால் ஒரு கணக்கு உறுத்துகிறது. சிப்காட் தன் நிலத்தைத் தொழிற்சாலைகளுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குத் தருகிறது. முதலீடு பலன் தர நீண்ட காலம் பிடிக்கும், இடையில் எழுப்பிவிடுவார்களோ என்ற அச்சமிருந்தால் எவரும் இயந்திரம் நிறுவமாட்டார் என்பது அதன் நியாயம். நல்ல நியாயம். அறிவுக்கு மட்டும் அந்நியாயம் ஏன் பொருந்தாமல் போகிறது? நிலத்துக்கு 99 ஆண்டு என்றால் ஆய்வாளருக்கு 11 மாதம் என்பது என்ன கணக்கு?

கால்நடைக்குக்கூட இங்கே நீண்டகாலச் சிந்தனை இருந்திருக்கிறது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-இல் கும்பினிப் படையின் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை, இன்றும் கால்நடைப் பண்ணையாக இயங்குகிறது. இருநூறு ஆண்டுகளாக ஓர் இடத்தில் ஒரு வேலை தொடர்ந்து நடக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஆய்வுப் பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. மூன்று மாநிலங்கள் கூடும் எல்லை இது. வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், பள்ளியில் தமிழ், சந்தையில் உருது கலந்த பேச்சு என்று ஒரே ஆள் ஒரே நாளில் புழங்கும் ஊர்கள் சூளகிரியைச் சுற்றி எத்தனையோ உள்ளன. இந்தப் பேச்சைப் பதிவு செய்ய ஒருவர் பத்தாண்டு இங்கே தங்கவேண்டும். கிருஷ்ணகிரிக்குச் சற்றுத் தொலைவிலுள்ள குப்பத்தில், ஆந்திர அரசு 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. எல்லை நிலத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணமே உயர்ந்தது. அவ்வெண்ணத்தின் இக்கரையில் நமக்கு என்ன இருக்கிறது?

தென்பெண்ணையை எடுத்துக்கொள்வோம். பெங்களூரின் கழிவுகளோடு வரும் நீர், மழைக்காலத்தில் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நுரை வரும்போது செய்தியாளர் வருவார். மாதிரி எடுப்பவர் வருவார். நுரை அடங்கியபின் ஆற்றை யார் அளக்கிறார்கள்? ஓர் ஆற்றை அறிய எல்லாப் பருவங்களிலும் பல ஆண்டுகள் அதே இடத்தில் நீரெடுத்துப் பார்க்கவேண்டும். யானைகளும் அப்படியே. பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பும் கூட்டம், கேழ்வரகு முற்றும் பருவத்தில் சானமாவு வரை வந்து நிற்கிறது. சனவரியில் பணியில் சேரும் 11 மாத ஆய்வாளருக்கு நவம்பரோடு ஒப்பந்தம் முடியும். யானை திசம்பரில் வரும். அவை நிதியாண்டு பார்த்து வருவதில்லை.

நீண்ட காலத்தின் பயனுக்கும் எங்கள் மாவட்டத்திலேயே சான்றுண்டு. மயிலாடும்பாறையில் பேராசிரியர் கா. ராஜன் 2003-இல் அகழாய்வு செய்தார். அதே இடத்தில் 2021-இல் தமிழகத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்ற முடிவு 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நாமெல்லாம் பெருமைப்பட்டோம். முதல் அகழ்வுக்கும் அறிவிப்புக்கும் இடையில் பத்தொன்பது ஆண்டுகள் என்பதையும் அப்பெருமையோடு சேர்த்து நினைவில் கொள்ளவேண்டும்.

இவ்வட்டாரத்துக்குப் பல்கலைக்கழகமே இல்லை என்று சொல்லமுடியாது. சேலத்தில் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் கிருஷ்ணகிரி மாவட்டம் வருகிறது. அதற்குத் தருமபுரியில் ஒரு மையமும் உண்டு. ஆனால் சூளகிரியிலிருந்து சேலம் நூறு கிலோமீட்டருக்கு மேல். பெங்களூர் அதில் ஏறத்தாழப் பாதித் தொலைவு. ஆகவே எங்கள் பிள்ளைகளில் ஆய்வு நாட்டமுள்ளவர் வடக்கே பேருந்தேறுகிறார். 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் அங்கே இருக்கிறது. சென்றவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்களுள் எவரேனும் திரும்பி வர நினைத்தால் உட்கார ஒரு நாற்காலி இங்கு இல்லை என்பதே எங்கள் வருத்தம்.

இலக்கியம் பல்கலைக்கழகத்தை நம்பியா வளர்ந்தது என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆதவன் தீட்சண்யா தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஓசூரிலிருந்து கவிதைகளும் கதைகளும் எழுதினார். 'புதுவிசை' இதழையும் நடத்தினார். 2008-இல் 'தாண்டவராயன் கதை' தந்த பா. வெங்கடேசனும் ஓசூரில் இருந்து எழுதியவரே. இவர்களை எந்தப் பணியிட அறிவிப்பும் உருவாக்கவில்லை. ஆனால் கதையை இரவில் எழுதலாம். நடுகல்லை இரவில் படியெடுக்க முடியாது. அதற்கு ஊர் ஊராகப் போகவேண்டும். "நீ யாரு, எந்த ஆபீஸு?" என்று கேட்கும் ஊர்ப் பெரியவரிடம் காட்ட ஒரு கடிதம் வேண்டும், நூலகம் வேண்டும், அச்சில் வந்த பின் திருத்தம் சொல்ல ஒரு சகா வேண்டும். ஆய்வு தனியொருவரின் தவம் என்பது பாதி உண்மைதான். மறுபாதியை நிறுவனம் தரவேண்டும்.

*

பணம் எங்கே இருக்கிறது என்பார்கள். 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கிய செய்தியை நாம் படித்தோம். நூற்றாண்டு கண்ட பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலை என்றால், புதிய பணியிடங்களுக்கு யார் கையொப்பமிடுவார்?

இங்கு ஆர்வார்டு தமிழ் இருக்கையை நினைத்துக்கொள்கிறோம். அதற்குத் தேவைப்பட்ட 60 லட்சம் டாலரை உலகத் தமிழர்கள் திரட்டினார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. 2018 மார்ச்சில் இலக்கு எட்டப்பட்டது. பின்னர் மார்த்தா ஆன் செல்பி அங்கே சங்கம் பேராசிரியராக அமர்ந்தார். அம்முயற்சியை நாங்கள் பழிக்கவில்லை. எங்களில் இருவர் தம்மால் இயன்ற சிறுதொகையை அனுப்பியும் இருந்தார்கள். அதிலிருந்து கற்கவேண்டியது அதன் பொருளியல். முதலைத் தொடாமல், ஆண்டு வருவாயில் ஒரு பகுதியால் பேராசிரியரின் ஊதியம் நடக்கிறது. ஆகவே அரசு மாறினாலும் திட்டம் முடிந்தாலும் இருக்கை அசையாது.

அதே 10 கோடியை இங்கே வைப்பாக வைத்ததாகக் கொள்வோம். ஆண்டுக்கு 6 விழுக்காடு வருவாய் என்றால் 60 லட்சம் ரூபாய். மாதம் 58,000 வீதம் ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 6,96,000. ஐந்து பேருக்கு 34,80,000. எஞ்சிய 25 லட்சத்தில் வீட்டு வாடகைப்படி, களப்பயணம், நூல்கள் போக, விலைவாசிக்கு ஈடுகட்ட ஒரு பகுதியை முதலோடு சேர்க்கலாம். ஐந்து ஆய்வாளர்கள், என்றென்றைக்கும். ஒருவர் ஆறு, ஒருவர் யானை, ஒருவர் எல்லைப் பேச்சு, ஒருவர் இரும்பு, ஒருவர் நடுகல் எனப் பங்கிட்டுக்கொள்ளலாம். பெருநிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். இந்நெடுஞ்சாலையின் இருபுறமும் நிற்கும் நிறுவனங்கள் நிழற்குடையும் கழிப்பறையும் கட்டித் தருகின்றன, தேவையான பணிகள்தாம். பொதுப் பல்கலைக்கழக ஆய்வுக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு.

*

எதிர்வாதங்களையும் மறைக்கவேண்டாம். பணி நிலையானால் சோம்பல் வரும் என்பது முதலாவது. வந்திருக்கிறது, நிரந்தரப் பணியில் அமர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரு கட்டுரைகூட எழுதாதவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனவே வாழ்நாள் நிரந்தரத்தை நாங்கள் கேட்கவில்லை. ஐந்தாண்டு கேட்கிறோம். மூன்றாம் ஆண்டில் வெளியாட்கள் மதிப்பிடட்டும். நன்றாயின் இன்னும் இரண்டாண்டு நீட்டட்டும். ஐயருக்குச் சிந்தாமணியை முடிக்க ஆன ஏழாண்டுக்கு அது சமம்.

நியமனங்களில் ஊழல் என்பது இரண்டாவது. 2018-இல் கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானார். நிலையான பணிக்கு விலை வைப்பார்கள் என்ற அச்சம் கற்பனையன்று. ஆனால் பூட்டுப் போடுவதே அதற்கு மருந்து. கதவே இல்லாத வீடு கட்டுவது மருந்தாகாது. தேர்வுக் குழுவில் யார் இருந்தார்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தேர்வானவரின் ஆய்வு எது என்பவற்றை அறிவிப்பு வெளியான அதே பக்கத்தில் வெளியிட்டாலே பாதி நோய் தீரும்.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. ஆய்வுப் பணி அறிவிப்பு தமிழிலும் வரவேண்டும். நிதி எங்கிருந்து வருகிறது, எந்த நாள்வரை உறுதி என்பதை முதல் பத்தியிலேயே சொல்லவேண்டும். நேர்முகத்துக்கு அழைக்கப்படுபவருக்குப் பேருந்துக் கட்டணமாவது கொடுக்கவேண்டும். திட்ட நிதி தாமதமானால் பல்கலைக்கழகம் இடைக்கால ஊதியம் வழங்கிப் பின்னர் ஈடுகட்டிக்கொள்ளவேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைந்த காலத்தை ஆய்வுப் பணி என்று அழைக்காமல், உதவியாளர் பணி என்று அதன் உண்மைப் பெயரால் அழைக்கவேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஐந்து ஆய்வு இருக்கைகளாவது நிறுவவேண்டும்.

*

தோழி விண்ணப்பித்துவிட்டார். சந்தை முடிந்த பின் தந்தையாரே அஞ்சலகம் வரை உடன் சென்றாராம். பதினோரு மாதம் கழித்து என்ன என்ற கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. அவர் மறுபடி கேட்கவுமில்லை.

அன்று விடைபெறுமுன் தோழி தம் குறிப்பேட்டைக் காட்டினார். ஊர், வயல், கல்லின் நீள அகலம், வீரனின் கையில் வாளா வில்லா, எழுத்து உண்டா இல்லையா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மாணவியாக இருந்தபோது பார்த்த கற்களைச் சென்ற ஆண்டு மீண்டும் தேடிப் போனபோது, மூன்று கற்கள் இருந்த இடத்தில் இல்லையாம். ஒன்று சாலை விரிவாக்கத்தில் போயிருக்கலாம் என்றார். ஒன்றைத் துணி துவைக்கப் போட்டிருந்ததாக யாரோ சொன்னார்களாம். மூன்றாவதைப் பற்றி எவருக்கும் தெரியவில்லை. அந்த மூன்றும் இப்போது அவருடைய குறிப்பேட்டில் மட்டும் இருக்கின்றன.